சிகிச்சை முடிந்த பிறகு: நல்லூர் வீதியா, ஜிம்மா, வீட்டு ஒழுங்கையா?

சித்திக்கு மார்பகப் புற்றுநோய்க்கான கடைசிக் கதிர்ச் சிகிச்சை முடிந்தது ஒரு பங்குனி மாதம். அடுத்த கிளினிக்கில் டொக்டர் ஃபைலை மூடிவிட்டு மூன்றே விடயங்கள் சொன்னார்: மாத்திரையை விடாமல் போடவேண்டும், நடக்கவேண்டும், எடை கூடாமல் நல்லாச் சாப்பிடவேண்டும். பஸ்ஸில் யன்னலோரம் இருந்து யோசித்துக்கொண்டே வந்த சித்தி, சுன்னாகம் தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "எடை கூடாமல் நல்லாச் சாப்பிடுறது எப்பிடித் தம்பி?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சேர முதலே ஊரிடம் பதில் தயாராக இருந்தது. ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் தொலைபேசியில் "ஜிம்முக்கு விடுங்கோ" என்றார். பக்கத்து வீட்டு மாமி "நல்லூரானைச் சுற்றினால் காணும்" என்றார். என் மனைவி, முதலில் பிசியோவிடம் (உடற்பயிற்சி மூலம் சிகிச்சை தருகிறவரிடம்) காட்டச் சொன்னாள். சித்திக்கோ, காலையிலிருந்து இரவு வரை அடுப்படியில் நிற்பதே போதிய உடற்பயிற்சி என்ற எண்ணம்.

நான் கணக்குப் பார்க்கிற தொழில் செய்கிறவன். கோடு கீறிப் பத்தி பிரித்து எழுதாவிட்டால் எனக்கு எதிலும் முடிவு வராது. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, ஒவ்வொரு வழிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஒரு வருடத்துக்கு மேலாக அந்தக் கொப்பியில் சேர்ந்ததுதான் இது. இதே இடத்தில் நிற்கிற குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் நிறைய. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக வரலாம், ஆனால் கூட்டிக் கழிக்க இது உதவும்.

முதலில் சித்தியின் உடம்பைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் எது பொருந்தும் என்பதை அதுதான் தீர்மானித்தது. வயது 57. இடப்பக்க மார்பில் சத்திரசிகிச்சை, கமக்கட்டில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தார்கள். கீமோ மருந்துகளில் ஒன்று கால் விரல்களில் விறைப்பை விட்டுப் போயிருந்தது. நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. அது தொடங்கியதிலிருந்து காலையில் விரல் மூட்டுகள் பிடித்துக்கொள்ளும், தேங்காய் திருவ இருந்தால் முதல் பாதியை நான்தான் திருவிக் கொடுக்கவேண்டும். எடை 61 கிலோவிலிருந்து 67க்குப் போயிருந்தது. புற்றுநோய் என்றால் ஆள் மெலிந்துதான் போகும் என்று ஊர் நினைக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களில் பலருக்கு உண்மையில் எடை கூடத்தான் செய்கிறது. மருந்து, மாதவிடாய் நின்றுபோவது, மாதக்கணக்கில் படுக்கை, பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் நெஸ்டமோல்ட் டின்கள் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது.

நல்லூர் வீதி

மாமியின் யோசனையைத்தான் முதலில் செய்து பார்த்தோம். அதற்கு நியாயம் உண்டு. சித்திக்கு நல்லூர்க் கந்தசுவாமி கோவில் என்றால் கால் தானாக நடக்கும். பூசை நேரத்துக்குப் போகவேண்டும் என்பதால் நேரமும் தவறாது. சனம் இருக்கும், பயமில்லை, காசில்லை. ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள என்னென்ன வேண்டுமோ எல்லாம் அங்கே இருக்கின்றன.

இரண்டாம் கிழமை வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசைக்குப் போய்விட்டு வந்தார். நல்ல வெயில். வெளிவீதி மணலில் மூன்று சுற்று, வெறுங்காலோடு. வீட்டில் கால் கழுவும்போது தண்ணீர் பட்டு ஏதோ தொங்குவதைப் பார்த்து என் மகள் கத்தினாள். பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய்க் குற்றியளவு கொப்புளம், உடைந்து தோல் உரிந்திருந்தது. "எனக்கு ஒண்டும் சுடேல்லையே" என்றார் சித்தி. அதுதான் பிரச்சினையே. பக்லிடாக்ஸல் போன்ற கீமோ மருந்துகள் கால் நரம்புகளைத் தாக்குகின்றன. விறைப்பு என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வதில் சூடு தெரியாமல் போவதும் அடக்கம். நீரிழிவுக்காரருக்குக் கால் பற்றிச் சொல்கிற அத்தனை கவனமும் இவர்களுக்கும் வேண்டும். சூடான மணல், முள்ளு, உடைந்த சிப்பி எதையும் கால் அறிவிக்காது.

அதனால் நல்லூரை வெட்டிவிடவில்லை. நேரத்தை மாற்றினோம். வெயில் ஏற முதல், அல்லது மணல் ஆறிய பிறகு. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது. ஆனால் கொப்பியில் உடற்பயிற்சிக் கணக்கிலிருந்து அதை எடுத்துவிட்டேன். பிரதட்சிணம் மெதுவான நடை. தெரிந்தவரைக் கண்டால் நின்று கதைக்கிற நடை. மனதுக்கு அது தருவதை நான் குறைத்து மதிக்கவில்லை. இதயத் துடிப்பைக் கொஞ்சம் ஏற்றுகிற நடை அது இல்லை, அவ்வளவுதான். கதைக்க முடியவேண்டும், பாட முடியாமல் மூச்சு வாங்கவேண்டும்: மிதமான வேகத்துக்கு அதுதான் எளிய அளவு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவின்படி கிழமைக்கு 150 நிமிடமாவது அப்படி நடக்கவேண்டும். 30 நிமிடப்படி ஐந்து நாள். அதோடு கிழமைக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை.

அடுப்படிக் கணக்கும் இந்த அளவில்தான் விழுந்துபோனது. நாள் முழுக்க நிற்பது இருந்துகொண்டே இருப்பதைவிட நல்லதுதான். ஆனால் புட்டு அவிக்கும்போது யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை. சித்தி புட்டு அவித்துக்கொண்டு தேவாரம் முழுவதையும் பாடுவார்.

ஆரியகுளமும் பண்ணையும்

யாழ்ப்பாண நகரில் நடக்க இவை இரண்டும் நல்ல இடங்கள் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆரியகுளத்தைச் சுற்றி நடைபாதை சமதரையாக இருக்கிறது, செருப்போடு நடக்கலாம், மின்வெளிச்சம் உண்டு. பண்ணையில் கோட்டைப் பக்கமிருந்து வருகிற கடற்காற்று மாலையில் யாரையும் இன்னொரு பத்து நிமிடம் நடக்கவைக்கும். எங்களுக்குச் சரிவராமல் போனதற்குக் காரணம் நான். கொக்குவிலில் இருந்து சித்தியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய் நடக்கவிட்டுத் திரும்ப ஏற்றிவர ஆள் வேண்டும். மாதக் கடைசியில் எனக்கு வேலை முடிய இரவு எட்டு மணி. மூன்றாம் கிழமை இரண்டு நாள்தான் போனோம், நான்காம் கிழமை ஒரு நாளும் இல்லை. ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசைக் கணக்குப் பார்த்தால் ஜிம் மலிவு. நீங்கள் பக்கத்தில் இருக்கிறவர்கள் என்றால் மேலே எழுதியதைக் கணக்கில் எடுக்காமல் போய் நடவுங்கள்.

ஜிம்

ஒரு ஜிம்முக்குப் போய் விசாரித்தேன். மாதம் ஐயாயிரம், பெண்களுக்குக் காலை பத்து மணி தொடக்கம் தனி நேரம். இயந்திரங்கள் நல்லவை. பயிற்சியாளர் இளம் பொடியன், மரியாதையாகக் கதைத்தார், எடை எவ்வளவு குறையவேண்டும் என்று கேட்டார். என்ன சத்திரசிகிச்சை, எந்தக் கை, என்ன மாத்திரை என்று ஒரு கேள்வியும் இல்லை. நானாகச் சொன்னபோது, "அப்ப இடது கையால ஒண்டும் தூக்க வேண்டாம் அன்ரி" என்று முடித்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். ஏனென்றால் "அந்தக் கையால் ஒண்டும் தூக்காதே" என்பது ஜிம்மில் மட்டுமில்லை, எங்கள் வீட்டிலும் சட்டமாக இருந்தது. கமக்கட்டில் கணுக்களை எடுத்தால் கையில் நிணநீர் தேங்கி வீங்கலாம் என்பது உண்மை. அதனால் ஒரு காலத்தில் வைத்தியர்களும் பாரம் தூக்க வேண்டாம் என்றே சொல்லிவந்தார்கள். 2009இல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்கள். ஒரு பாதிப் பேருக்குக் கிழமைக்கு இரண்டு தடவை, மிகக் குறைந்த எடையில் தொடங்கி மெதுவாகக் கூட்டிக்கொண்டு, ஆரம்பத்தில் பயிற்றுநர் கூட நின்று, கையை இறுக்கிப் பிடிக்கும் உறை போட்டுப் பாரம் தூக்கவைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், தூக்கியவர்களின் கை தூக்காதவர்களின் கையைவிடக் கூட வீங்கவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாகிய தடவைகள் தூக்கியவர்களிடம் குறைவாகவே இருந்தன. பலமும் கூடியிருந்தது.

சித்தியின் மூட்டுப் பிடிப்புக்கும் இதே பாதையில்தான் விடை இருந்தது. லெட்ரோசோல் வகை மாத்திரையால் மூட்டு நோவு வந்த 121 பெண்களிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வில், கிழமைக்கு 150 நிமிட நடையும் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் ஒரு வருடம் செய்தவர்களுக்கு நோவு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நோவினால் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இது சின்ன விடயம் இல்லை. இந்த மாத்திரை எலும்பின் அடர்த்தியையும் குறைக்கிறது. எலும்புக்கும் பாரம் வேண்டும்.

ஆக, ஜிம் என்ற இடம் தவறில்லை. இயந்திரத்தைத் தெரிந்த ஆள் இருந்தார், சத்திரசிகிச்சையைத் தெரிந்த ஆள் அங்கே இருக்கவில்லை. அதற்கு வேறு கதவைத் தட்டவேண்டியிருந்தது.

பிசியோ

என் மனைவி ஆரம்பத்திலேயே சொன்ன கதவுதான். ஐந்து கிழமையை வீணாக்கிவிட்டுக் கடைசியில் அங்கே போனோம். (அதை அவள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.) யாழ் போதனா வைத்தியசாலையில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது, அரச வைத்தியசாலை என்பதால் காசில்லை. கிளினிக்கில் கேட்டு ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போவது நல்லது.

அங்கிருந்த பிசியோப் பிள்ளை முதலில் செய்தது, இரண்டு கைகளையும் அளவு நாடாவால் நாலு இடத்தில் அளந்து எழுதியது. பிறகு இடது கையைச் சுவரில் விரல்களால் ஏறவிட்டு எங்கே நிற்கிறது என்று பார்த்தார். காதுக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. சித்தி இவ்வளவு நாளும் சட்டையை வலது கையாலேயே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை. வீட்டுக்குக் கொடுத்த பயிற்சிகள் ஐந்து. சுவரில் விரல் ஏற்றுவது, கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழுவது, சுவரைத் தள்ளுவது, குதிக்கால் தூக்குவது, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவது. கை இறுக்கமாகவோ பாரமாகவோ தெரிந்தால், மோதிரம் இறுகினால், நிறுத்திவிட்டு வந்து காட்டவேண்டும். முருங்கை இலை ஆயும்போது கீறினால் உடனே கழுவி மருந்து போடவேண்டும், அந்தக் கையில் கிருமி தொற்றினால் வீக்கம் தொடங்கிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. போகவர அரை நாள் போகும், மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் போக முடியாது. தினமும் செய்யவைக்கிற ஆள் அவர் இல்லை. எதைச் செய்யலாம், எதுவரை செய்யலாம் என்று காட்டுகிறவர். மற்ற எல்லா வழிக்கும் முன்னால் இதைச் செய்யவேண்டும் என்பது என் முடிவு. எலும்புக்கு நோய் பரவியவர்கள், இதயத்தைப் பாதிக்கும் கீமோ எடுத்தவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

துண்டுப் பிரசுரமும் ஆளும்

அந்தக் காலத்தில் நான் படித்த ஒன்று என் கொப்பியின் பத்திகளையே மாற்றிவிட்டது. 2025 ஜூனில் வெளிவந்த ஆய்வு அது. கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேர். ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சி, உணவு பற்றிய நல்ல கைநூல்கள் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்கு அதோடு ஓர் ஆளையும் கொடுத்தார்கள். மூன்று வருடம், முதலில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை சந்தித்து, என்ன நடந்தாய், ஏன் விட்டாய், அடுத்த மாதம் என்ன என்று கேட்கிற ஆள். செய்யச் சொன்னது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிழமைக்கு மூன்று நாலு நாள், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேர வேக நடை போன்றது. ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கைநூல் பகுதியில் 73.9 சதவீதம், ஆள் இருந்த பகுதியில் 80.3 சதவீதம். எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 83.2க்கு எதிராக 90.3 சதவீதம்.

அது குடல் புற்றுநோயில் பார்த்தது, சித்தியின் நோய்க்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. கைநூல் கிடைத்தவர்களுக்கும் என்ன செய்யவேண்டும் என்று தெரியும். அதுவரை என் கொப்பியில் இடம், செலவு, தூரம், பாதுகாப்பு என்று பத்திகள் இருந்தன. "கேட்கிற ஆள் யார்?" என்று ஒரு பத்தி இருக்கவில்லை. அதைக் கீறிப் பார்த்தால் நல்லூருக்கு எதிரே பாதி, ஆரியகுளத்துக்கு எதிரே நான் (அதாவது யாரும் இல்லை), ஜிம்முக்கு எதிரே காசு வாங்குகிற நாளில் மட்டும், பிசியோவுக்கு எதிரே மாதம் ஒருமுறை. எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் வீட்டில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். சீனி வருத்தக்காரர், டொக்டர் நடக்கச் சொல்லி மூன்று வருடமாக நடக்காதவர். அவருக்கும் கேட்க ஆளில்லை.

இந்த இடத்தில் தெல்லிப்பழைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு விடயத்தைச் சொல்லாமல் போகமுடியவில்லை. அங்கே புற்றுநோய் வைத்தியசாலை கட்டக் காசு சேர்ந்ததே நடந்துதான். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் தொடங்கி 27 நாளில் பருத்தித்துறைவரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றர், கூட்டமாக நடந்து வந்தார்கள். அதற்கு முதல் எங்கள் ஆட்கள் கதிர்ச் சிகிச்சைக்குக் கொழும்புப் பக்கம் மகரகமவுக்கு இரவு பஸ் ஏறவேண்டும், அங்கே அறை எடுத்துக் கிழமைக்கணக்கில் கிடக்கவேண்டும். சித்திக்கு அந்த அலைச்சல் இருக்கவில்லை.

ஒழுங்கை

ஆக, முடிவு ஒழுங்கைக்குத்தான் விழுந்தது. கொப்பியின்படி பார்த்தால் அது மோசமான தெரிவு. பாதை குண்டும் குழியும். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கிடுகு வேலி, நடுவில் கறுவல் என்ற நாய். வைரவர் கோவில் வரை போய்த் திரும்பினால் 1,100 அடி எடுத்துவைப்பு, சித்தி எண்ணிச் சொன்னது. மூன்று தடவை போய்வந்தால் முப்பது நிமிடம். ஆனால் அதிகாலை 5.40க்கு ரீச்சர் படலையடியில் நின்று "அக்கா, வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்பார். அந்தக் குரலுக்கு எதிராக ஆரியகுளத்தின் சமதரை நிற்கமுடியாது. வாசலில் ஒருவர் நிற்கும்போது படுத்திருப்பது யாழ்ப்பாணத்தில் அவமரியாதை. அதைப் பயன்படுத்திக்கொண்டோம்.

மூடிய சப்பாத்து ஒன்று வாங்கினோம், ஒரு இலக்கம் பெரிதாக, உள்ளே தையல் உறுத்தாததாக. சேலையோடு சப்பாத்து போட மாட்டேன் என்று இரண்டு நாள் சண்டை. பிறகு சட்டையோடு போனார். கறுவலுக்காக ரீச்சர் ஒரு தடி வைத்திருந்தார், அது தேவைப்படவில்லை.

கிழமைக்கு இரண்டு நாள் நடைக்குப் பதில் ரீச்சர் வீட்டு விறாந்தையில் தண்ணீர்ப் போத்தல். ரீச்சர் எண்ணுவார், முப்பது வருடம் வகுப்பில் எண்ணிய குரல். போத்தல் அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றராக நாலு மாதம் எடுத்தது.

சாப்பாடு: பத்தியமா, டின்னா, வழக்கமான சோறா?

உடற்பயிற்சியைவிடச் சாப்பாட்டில்தான் வீட்டில் சத்தம் கூட. நடைக்கு யாரும் அழமாட்டார்கள், சாப்பாட்டுக்கு அழுவார்கள்.

பத்தியக்காரரின் பட்டியல் நீளம். கத்தரிக்காய் கிரந்தி (உடம்பில் சொறி கிளப்பும் என்பது), றால் கிரந்தி, நண்டு கிரந்தி, முட்டை சூடு, தக்காளி வேண்டாம், சோயா மீட் தொடவே கூடாது, சீனி தின்றால் கட்டி வளரும். எல்லாவற்றையும் கேட்டு நடந்த முதல் இரண்டு மாதம் சித்தி சாப்பிட்டது வெள்ளைச் சோறு, பருப்பு, பாண், தேத்தண்ணி. எடை கூடியது, காலில் பலமில்லை. காரணம் வெளிப்படை. புரதம் எல்லாம் கிரந்திப் பட்டியலில் போய்விட்டது, மாவு மட்டும் மிஞ்சியது. தேறிவருகிற உடம்புக்குத் தன் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். சித்திக்கு நாளுக்கு ஏறத்தாழ 70 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். சோயாவைப் பற்றிய பயமும் வீண். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அளவாகச் சோயா சாப்பிடுவதால் நோய் திரும்புகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. சீனியைக் குறைக்கச் சொல்வது எடைக்காக.

சித்த மருந்தோ பத்தியமோ வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. எடுப்பதென்றால் இரண்டு பக்க வைத்தியருக்கும் மற்றவர் தருவதைச் சொல்லிவிட்டு எடுக்கவேண்டும். மறைத்து எடுப்பதுதான் ஆபத்து. வட்சப்பில் சுற்றுகிற அன்னமுன்னா இலைக் கசாயத்துக்கு மட்டும் நான் கதவைச் சாத்திவிட்டேன். அந்த மர வகையின் இலைத் தேநீரையும் பழத்தையும் நிறையப் பாவிக்கிற குவாதலூப் தீவில், வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒருவகை நடுக்குவாத நோயோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று 1999இலேயே எழுதியிருக்கிறார்கள்.

டின் கட்சி எங்களுக்கு வெளிநாட்டுப் பாசத்தில் வந்தது. மச்சாள் அனுப்பிய பெட்டியில் மஞ்சள் சாறு மாத்திரை, பீற்றாகரோட்டின், புரத மா. கறியில் போடுகிற மஞ்சளுக்கு யாரும் பயப்படத் தேவையில்லை. மாத்திரையாக அடர்த்தியாக்கியது வேறு சாமான், மற்ற மருந்துகளோடு மோதக்கூடியது. பீற்றாகரோட்டினின் கதை இன்னும் பாடமானது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000க்கு மேற்பட்டோரிடம் சோதித்து 1994இல் முடிவைச் சொன்னார்கள். அதை எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கரட்டில் இருக்கும்போது நல்லது, மாத்திரையில் வரும்போது அப்படியில்லை. புரத மாவை மட்டும் வைத்துக்கொண்டோம். வாய்க்குப் பிடிக்காத நாட்களில் பாலில் ஒரு கரண்டி. மச்சாளிடம் மற்றவற்றைப் பற்றிச் சொல்லவில்லை, அவர் வருத்தப்படுவார். அடுத்தமுறை அனுப்புவதென்றால் நல்ல சப்பாத்து அனுப்பச் சொன்னேன்.

மிஞ்சியது வழக்கமான சோறு. அதில்தான் நின்றோம், ஆனால் கோப்பையைத் திருப்பிப் போட்டு. எங்கள் வீட்டில் கோப்பை என்றால் நடுவில் சோற்று மலை, ஓரத்தில் கறி அடிவாரம். அரைவாசி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன் அல்லது முட்டை அல்லது கடலை, கால்வாசி சிவப்புப் பச்சையரிசிச் சோறு என்று மாற்றினோம். மருதனார்மடம் சந்தையில் வல்லாரையும் முருங்கைக்கீரையும் ஒரு பிடி வாங்க வெளிநாட்டு டின் விலையில் நூறில் ஒரு பங்கும் ஆகாது. காலைப் பாணுக்குப் பதில் கிழமையில் மூன்று நாள் குரக்கன் புட்டு. சொதியில் முதற்பால் குறைந்தது. சித்திக்குச் சொதி தண்ணியாகிவிட்டதில் இன்றுவரை மனக்குறை. அப்புறம் ஞாயிறு ஆட்டிறைச்சி மாதத்தில் இரண்டு ஞாயிறாகக் குறைந்தது. சொசேஜ் வகையறா வீட்டுக்கு வருவதில்லை. பதனிட்ட இறைச்சியை 2015இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.

இதெல்லாம் மார்பகப் புற்றுநோய் வந்த ஒருவரின் கணக்கு. எங்கள் உறவில் வாய்ப் புற்றுநோயில் தப்பிய ஒரு மாமா இருக்கிறார். இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படுவது அதுதான். அவருக்கு எடை கூடுவது கவலை இல்லை, குறைவதுதான். கதிர்ச் சிகிச்சையால் உமிழ்நீர் வற்றிப் புட்டு தொண்டையில் நிற்கும், செத்தல் மிளகாய்ச் சம்பல் எரியும். சொதியில் ஊறிய இடியப்பம், மீன் போட்ட கஞ்சி, நன்றாகக் கனிந்த பப்பாசி, பக்கத்தில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல் என்று அவர் வழி வேறு. அவருக்கு ஆரோக்கிய வாழ்க்கை என்றால் முதல் வரி வெற்றிலைப் பெட்டியை வீட்டை விட்டு அனுப்புவது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு போட்டால் பிழையில்லை என்று அவர் இன்னும் வாதாடுகிறார். பிழைதான். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இலேயே முடிவாகிவிட்டது. அவருக்குப் படலையடியில் நின்று கூப்பிட இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

கொப்பியின் கடைசிப் பக்கக் கணக்கு: எடை 64. இடது கை இப்போது சுவரில் தலைக்கு மேல் ஒரு சாண் ஏறுகிறது. கை அளவில் மாற்றமில்லை. தேங்காயின் முதல் பாதியையும் அவரே திருவுகிறார், மெதுவாக. கால் விறைப்பு அப்படியே இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் ஒழுங்கை குளமாகிய நாட்களில் ரீச்சர் வீட்டு விறாந்தையிலேயே சுற்றிச்சுற்றி நடந்தார்கள், எண்ணிக்கை தவறியதற்காகச் சண்டையும் பிடித்தார்கள். இரண்டு கிழமை ரீச்சர் மகளிடம் கொழும்புக்குப் போனபோது சித்தி நாலே நாள்தான் நடந்தார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

கறுவல் இப்போது மூன்றாவது ஆளாகக் கூடப் போகிறது. வைரவர் கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால் வரைக்கும்தான், அதற்கு அங்கால் வேறு நாய்களின் எல்லை. அங்கே படுத்திருந்து, அவர்கள் திரும்பி வரும்போது எழும்பி வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் நடக்கும்.